துருவப் பனியும் மரக்காணத்துக் கிணறும்

விழுப்புரத்திற்கும் புதுச்சேரிக்கும் இடையே வழுதாவூர் என்னும் சிற்றூர் உள்ளது. இன்று அங்கிருந்து கடல் கண்ணுக்கு எட்டாத தொலைவு. ஆயினும் அவ்வட்டாரத்துப் பாறைகளில் கடற்சிப்பிகளும், அம்மோனைட் எனப்படும் சுருண்ட கடலுயிரின் ஓடுகளும் கல்லாகிக் கிடப்பதைப் புவியியல் அறிஞர்கள் கண்டனர். ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது என்பதற்கு அவை சாட்சி. அந்தப் பாறை அடுக்கிற்கு வழுதாவூரின் பெயரையே விஞ்ஞான உலகம் சூட்டியிருக்கிறது. கடல் ஏறுவதும் இறங்குவதும் இம்மண்ணுக்குப் புதியதன்று.

அப்படியானால் கடல் உயர்கிறது என்று இன்று அறிஞர்கள் எச்சரிப்பது ஏன்? வேகமே அதற்குக் காரணம். அந்தப் பழைய மாற்றங்கள் இலட்சக்கணக்கான ஆண்டுகளில் நடந்தவை. மனிதர் ஊர் கட்டி வாழத் தொடங்கிய பின்னர் கடல் பெரும்பாலும் தன் எல்லையில் நின்றது. சிறுபாணாற்றுப்படை பாடப்பட்ட நாளில், திண்டிவனத்தை அடுத்த கிடங்கிலை ஆண்ட நல்லியக்கோடனின் ஓய்மாநாட்டில் எயிற்பட்டினம் என்னும் துறைமுகம் இருந்தது. அதுவே இன்றைய மரக்காணம் என்பர் அறிஞர். அக்கடலின் மட்டமோ 1901 முதல் 2018 வரையிலான காலத்தில் உலக அளவில் சராசரியாக 20 செ.மீ., அதாவது ஏறத்தாழ ஒரு சாண், உயர்ந்துவிட்டது. கடந்த 3000 ஆண்டுகளில் வேறெந்த நூற்றாண்டிலும் இவ்வேகம் இருந்ததில்லை. 2006-க்குப் பின் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் என்று வேகம் மேலும் கூடியுள்ளது.

பனி கரைந்தால் கடல் ஏன் உயர்கிறது?

துருவப் பனி இருவகைப்படும். வடதுருவத்தில் பெரும்பாலும் கடல்மேல் மிதக்கும் பனியே உள்ளது. ஒரு தம்ளர் நீரில் பனிக்கட்டிகளை மிதக்கவிட்டுப் பாருங்கள். அவை கரைந்த பின்னும் நீர்மட்டம் உயர்வதில்லை. ஆனால் வெளியிலிருந்து ஒரு கட்டியை எடுத்து உள்ளே போட்டால் நீர் ஏறும். கிரீன்லாந்திலும் அண்டார்க்டிகாவிலும் நிலத்தின்மேல் படிந்துள்ள பனி இத்தகையது. 1992-க்கும் 2020-க்கும் இடையே கிரீன்லாந்து ஏறத்தாழ 4,89,000 கோடி டன் பனியையும், அண்டார்க்டிகா ஏறத்தாழ 2,67,000 கோடி டன் பனியையும் இழந்தன. இவ்விரண்டினால் மட்டும் உலகக் கடல்கள் சுமார் 2 செ.மீ. உயர்ந்தன.

மிதக்கும் பனி கரைவதும் தீங்கற்றதன்று. சுண்ணாம்பு பூசிய மொட்டை மாடி வெயிலைத் திருப்பி அனுப்பி வீட்டைக் குளிர்விப்பது போல, வெண்பனி சூரிய ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. பனி விலகிய இடத்தில் கருங்கடல் அவ்வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. வெப்பமான நீர் விரிவடைகிறது. காய்ச்சல் பார்க்கும் கருவியில் பாதரசம் ஏறுவதும் இவ்விதியினாலேயே. 1971-க்குப் பின் ஏற்பட்ட கடல் உயர்வில் ஏறத்தாழப் பாதி இவ்விரிவினால் விளைந்தது. இவை அனைத்திற்கும் மூலகாரணம் நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து நாம் வானில் சேர்க்கும் கரியமில வாயு.

துருவம் எங்கோ இருக்கிறது, நமக்கென்ன என்று கேட்பாரும் உண்டு. பெரும் பனித்திரள் தன் ஈர்ப்பினால் சுற்றியுள்ள கடல்நீரைத் தன்பால் இழுத்து வைத்திருக்கிறது. பனி குறையக் குறைய அவ்வீர்ப்பும் தளர்கிறது. பனிக்கு அருகில் கடல் தாழ, அந்நீர் தொலைவிலுள்ள வெப்பமண்டலக் கடல்களில் சேர்கிறது. நம் வங்கக் கடலும் அவற்றுள் ஒன்று. நம் நாடு 1983-ஆம் ஆண்டுப் பயணத்தின்போது அண்டார்க்டிகாவில் தட்சிண கங்கோத்ரியையும், பின்னர் மைத்ரி, பாரதி ஆகிய நிலையங்களையும், 2008-இல் வடதுருவப் பகுதியில் ஹிமாத்ரியையும் அமைத்துப் பனியை ஆராய்ந்து வருவது வீண் செலவன்று.

நம் வட்டாரத்திற்கு என்ன நேரும்?

திண்டிவனமும் விழுப்புரமும் கடலில் மூழ்கிவிடுமோ என்று அஞ்சவேண்டியதில்லை. அவ்வூர்கள் மேட்டில் உள்ளன. ஆனால் கடலின் உயர்வு அலையாக வந்து கதவைத் தட்டுவதில்லை. அது மூன்று வழிகளில் வருகிறது.

முதலாவது கரை அரிப்பு. பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடி போன்ற மீனவர் குப்பங்களில் வீடுகளையும் படகு நிறுத்தும் மணலையும் கடல் கொண்டுபோனதை நாம் அறிவோம். இப்பழி முழுவதையும் துருவப் பனியின்மேல் சுமத்தலாகாது. 1980-களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்திற்காகக் கடலுக்குள் நீட்டிய கற்சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் தடுத்தன. மணல் வராத கரை தேய்ந்தது. ஓரூரைக் காக்கக் கல் கொட்டினால் அரிப்பு அதற்கு வடக்கேயுள்ள ஊருக்கு நகர்கிறது. இவ்வாறு நலிந்த கரையின்மீதே உயரும் கடல் மோதப்போகிறது.

இரண்டாவது வழி நம் காலடியில் இருக்கிறது. கரையோர நிலத்தடியில் நன்னீர், உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் தங்கும் என்பது விதி. மேலே 1 மீட்டர் குறைந்தால் கீழேயிருந்து உப்பு 40 மீட்டர் ஏறும். கடல் உயர்ந்தாலும் இது நேரும்; ஆழ்குழாய்க் கிணறுகளால் வரம்பின்றி இறைத்தாலும் நேரும். வானூர், மரக்காணம் பகுதிகளில் அலை தொடாத வயலிலும் கிணறு உவர்ப்பாக மாறக்கூடும்.

மூன்றாவது வழி வெள்ளத்தின் தேக்கம். 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியது. டிசம்பர் 2 அன்று விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்திற்கும் இடையே இருப்புப்பாதைப் பாலத்தை வெள்ளம் எட்டியதால் இரயில்கள் நின்றன. அது மழை தந்த வெள்ளம்; கடல் தந்ததன்று. எனினும் அந்நீரெல்லாம் இறுதியில் கடலில்தான் வடியவேண்டும். கடல் உயர்ந்து நின்றால் வடிகாலின் வாய் அடைபடுகிறது. ஒரு நாளில் வடியவேண்டிய நீர் பல நாள் நெற்பயிரின்மேல் நிற்கும்.

கழுவேலி என்னும் காவலன்

இம்மூன்றையும் எதிர்கொள்ள இயற்கை நமக்கு ஓர் அரணை முன்னரே அளித்திருக்கிறது. மரக்காணத்தை அடுத்துப் பரந்து கிடக்கும் கழுவேலியே அது. சுற்றுப்புற ஏரிகளில் நிரம்பி வழியும் நீர் இங்கே வந்து தங்கி, வடக்கேயுள்ள கழிமுகம் வழியாகக் கடலை அடைகிறது. மழைக்காலத்தில் அது வெள்ளத்தை வாங்கிக்கொள்கிறது. கோடையில் நிலத்தடிக்கு நன்னீர் ஊட்டுகிறது. 2021 டிசம்பரில் தமிழக அரசு இதில் 5,151 ஹெக்டேர் பரப்பைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024-இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலகச் சிறப்புமிக்க ஈரநிலங்களின் பட்டியலிலும் அது இடம்பெற்றது. பறவைகளுக்காக மட்டும் இதைக் காக்கவேண்டும் என்று எண்ணுவோர், நம் கிணறுகளையும் நினைத்துப் பார்க்கட்டும்.

கழிமுகத்தில் அலையாத்தி மரங்களை வளர்த்தல், மணல்மேடுகளையும் பனைகளையும் அழியாமல் வைத்தல், ஏரிகளைத் தூர்வாரி வரத்துக் கால்வாய்களின் ஆக்கிரமிப்பை நீக்குதல் ஆகியவை செலவு குறைந்த வழிகள். 2004 ஆழிப்பேரலையின்போது பிச்சாவரத்து அலையாத்திக் காடுகள் தம் பின்னிருந்த ஊர்களுக்குக் கேடயமாக நின்றதை மறக்கலாகாது. உவர் ஏறிய நிலத்திற்குக் களர்ப்பாலை, குழியடிச்சான் போன்ற நம் பழைய நெல்வகைகள் உண்டு. பொறியியலும் உதவும்: புதுச்சேரிக் கடற்கரையில் 2018-இல் நீருக்குள் அமைத்த செயற்கைத் திட்டினால் இழந்த மணல் ஓரளவு மீண்டது. ஆனால் அத்தகைய திட்டங்களில் அண்டை ஊருக்கு நேரும் விளைவையும் முன்கூட்டியே கணக்கிடவேண்டும்.

இவை தற்காப்பு மட்டுமே. கரியமில வாயுவை உலகம் விரைந்து குறைத்தால் இந்நூற்றாண்டின் இறுதியில் கடல், நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்ததைவிட 28 முதல் 55 செ.மீ. வரை உயரும், குறைக்காவிடில் 63 செ.மீ. முதல் 1 மீட்டர் வரை உயரக்கூடும் என்பது 2021-இல் பன்னாட்டு அறிஞர் குழு தந்த கணக்கு. இவ்விரு கணக்குகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு, மரக்காணத்தில் இன்று பிறக்கும் குழந்தை தன் முதுமையில் குடிக்கப்போகும் நீரின் சுவையைத் தீர்மானிக்கும். அங்குள்ள உப்பளத் தொழிலாளியும் கட்டுமரத்து மீனவரும் வானில் சேர்த்த புகை மிகச் சொற்பம். துன்பமோ அவர்களையே முதலில் அடைகிறது. வசதியுள்ள நாடுகளுக்கும், நகரங்களில் வசதியாக வாழும் நமக்கும் கடமை கூடுதலாகிறது.

ஆகவே அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் மூன்று கேள்விகளைக் கேட்போம். நம் ஊர் ஏரிக்கு வரும் கால்வாய் திறந்திருக்கிறதா? நம் கிணற்று நீரின் உப்பளவை ஆண்டுதோறும் யாரேனும் அளந்து குறித்து வைக்கிறார்களா? பெருமழையில் நம் ஊர் நீர் எவ்வழியே வடியும்? இவற்றிற்கு விடை தேடத் தொடங்கும் ஊர், கடலை எதிர்கொள்ளவும் தொடங்கிவிட்டது எனலாம்.