கசிவையும் நடமாட்டத்தையும் அறிவிக்கும் கம்பியில்லாக் கருவிகள்

2019 ஜூன் மாதத்தில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வற்றிவிட, சென்னை மக்கள் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தனர். நொடிக்கு ஒரு சொட்டு கசிந்தாலும் நாளொன்றுக்குச் சுமார் 4 லிட்டர் வீணாகும். கசிவைக் கைப்பேசிக்கு அறிவிக்கும் சென்சார்கள் அபிராமபுரத்து அடுக்குமாடி வீடுகளுக்கு மட்டுமல்ல, நமது விதை, உர அறைகளுக்கும் ஏற்றவை.

கசிவு: கருவியின் அடியில் இரு உலோக முனைகள் உள்ளன. நீர் இவற்றை இணைத்தால் சிறு மின்னோட்டம் பாய்ந்து செய்தி செல்லும். தரையின் தாழ்வான இடத்தில் வைத்தல் வேண்டும்.

கதவு: கதவில் காந்தமும் நிலையில் கருவியும் பொருத்தப்படும். கதவு திறந்து காந்தம் விலகியதும் செய்தி வரும்.

நடமாட்டம்: உடல் வெப்பம் நகர்வதை இது உணரும். நாய், ஆடு சென்றாலும் அறிவிக்கக்கூடும். வெயில் விழும் சன்னலை நோக்கி வைக்கலாகாது.

கவனிக்க: சென்சார்கள் பேட்டரியில் இயங்கினாலும், செய்தியை வாங்கி அனுப்பும் மையக் கருவிக்கு மின்சாரமும் இணையமும் தேவை. மின்தடையில் அது நின்றுவிட்டால் செய்தி வராது. செய்தி இல்லையென்றால் எல்லாம் நலம் என்று எண்ணிவிடக் கூடாது. தகரக் கொட்டகையும் தடித்த சுவரும் அலைகளைத் தடுக்கும். எனவே மாதம் ஒருமுறை சிறிது நீர் ஊற்றியும், கதவைத் திறந்தும் சோதித்தல் நன்று.

இக்கருவிகள் அறிவிக்குமே தவிர, வால்வை அடைக்கா; திருடனைப் பிடிக்கா. நல்ல பூட்டும், செய்தி கிடைத்ததும் ஓடிப் பார்க்க அருகில் ஓர் ஆளும் இருந்தால்தான் உழவர்கள் முழுப் பயன் பெறலாம்.