ஒட்டு எங்கே, சொல்லு பார்ப்போம்!

விருத்தாசலத்துப் பொம்மைப் பட்டறைக்குள் முதல் தடவை நுழைகிறவருக்குக் கொஞ்சம் திக்கென்றுதான் இருக்கும். பலகை முழுக்கத் தலையில்லாத கிருஷ்ணர்கள். பக்கத்துத் தட்டில் கைகள் மட்டும், ஜோடி ஜோடியாக. களிக்குழம்பை பிளாஸ்டர் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு ஈரத்தை உறிஞ்சி ஓரம் கெட்டியானதும் மிச்சத்தைக் கவிழ்த்து வடிக்கிறார்கள். உள்ளே ஓட்டைக் கிருஷ்ணன் ரெடி!

அதற்கப்புறம்தான் வேடிக்கை. ஓர் அக்கா தோள்பட்டையில் ஊசியால் நாலு கீறல் போட்டார். குழம்பைத் தொட்டு வைத்து, கையை அழுத்தினார். பிதுங்கியதை பிளேடால் வழித்து, ஈர ஸ்பாஞ்சால் ஒரே துடைப்பு.

"ஒட்டு எங்கே, சொல்லு பார்ப்போம் தம்பி."

தேடினேன். சத்தியமாகத் தெரியவில்லை!

அந்த நேரம் பார்த்து என் செல்போனில் ஓடிக்கொண்டிருந்தது இளையராஜாவின் 'திருவாசகம்'. 2005இல் வந்த ஆல்பம். அதுவும் தலை ஒரு தட்டில், கை ஒரு தட்டில் இருந்து ஒட்டியதுதானே என்று சட்டென்று உறைத்தது. யார் யாரெல்லாம் என்று பாருங்கள். எழுதியவர் மாணிக்கவாசகர். வெளியிட்டது தமிழ் மையம். அதை நடத்தியவர் ஜெகத் கஸ்பர் ராஜ், கத்தோலிக்கப் பாதிரியார்! ஆங்கில வரிகள் தந்தவர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ்; பிராட்வேயில் 'காட்ஸ்பெல்', 'விக்கெட்' நாடகங்களுக்குப் பாட்டெழுதியவர். வாசித்தது புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு. பெரும்பாலும் பாடியது ராஜாவே.

ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவதா என்று கேலி பேசுவோம். அதை நிஜமாகவே செய்தவர் சுந்தரர். எங்கள் விருத்தாசலத்தில் கிடைத்த 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்கிறது புராணம். ராஜா ஒருபடி மேலே போனார். மாணிக்கவாசகரின் தில்லைச் சொல்லைப் புடாபெஸ்டின் டான்யூபில் எடுத்தார்.

சரி, ஒட்டு எங்கே? ஓதுவார்கள் திருவாசகத்தை வழக்கமாக மோகன ராகத்தில் விருத்தமாகப் பாடுவார்கள். தாளக்கட்டு கிடையாது, சொல் எங்கே நிற்கிறதோ அங்கே குரல் நிற்கும், உருகும், மறுபடி கிளம்பும். புடாபெஸ்டில் வயலின் வாசிக்கிறவருக்கு இந்த வேலை ஆகாது. அவர் முன்னால் தாள், அதில் ஐந்து கோடு, அளந்து வைத்த புள்ளிகள். அத்தனை பேரின் வில்லும் ஒரே நொடியில் திரும்பியாக வேண்டும். கமகத்தை அந்தக் கோடுகளில் எழுதி மாளாது. அதனால் குழைவு குரலுக்கு, அகலம் இசைக்குழுவுக்கு என்று பங்கு பிரிகிறது. சிவபுராணத்திலிருந்து எடுத்த 'பொல்லா வினையேன்' ஏறத்தாழ 20 நிமிடம் ஓடுகிறது. அதன் நடுவே ஆங்கிலம் நுழைகிற இடத்தை ஹெட்போன் மாட்டிக்கொண்டு நாலு தடவை கேட்டேன். மொழி மாறியது தெரிகிறது. பாட்டு மாறியது தெரியவில்லை. ஸ்பாஞ்சால் துடைத்திருக்கிறார் மனுஷர்!

மோகனம் என்றதும் ஒரு குறுக்குச்சால். வீட்டில் கீபோர்டு இருந்தால் கறுப்புக் கட்டைகளை மட்டும் தட்டுங்கள். மூன்றாகச் சேர்ந்திருக்கிறதே, அதில் முதல் கட்டையை ஸட்ஜமாக வைத்துக்கொண்டு மேலே போனால் மோகனம் வந்து நிற்கும். ஐந்தே ஸ்வரம். எங்கள் பழமலைநாதர் கோயிலிலும் கோபுரம் ஐந்து, கொடிமரம் ஐந்து, நந்தி ஐந்து, தேரும் ஐந்து. இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லைதான். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை!

ஜாஸ் உலகத்தில் ஒருவர் ராஜா செய்ததைவிடக் கிறுக்கான வேலை செய்திருக்கிறார். 1964 டிசம்பர் 9, நியூ ஜெர்சியில் ரூடி வான் கெல்டர் ஸ்டுடியோ. ஜான் கோல்ட்ரேன் இறைவனுக்கு நன்றி சொல்லி ஒரு கவிதை எழுதியிருந்தார். 'எ லவ் சுப்ரீம்' ஆல்பத்தின் கடைசிப் பகுதியான 'சாம்' அந்தக் கவிதைதான். ஆனால் அவர் பாடவில்லை, படிக்கவும் இல்லை. அசை அசையாக சாக்ஸபோனிலேயே ஓதினார்! இசைத்தட்டு உறையில் அச்சாகியிருக்கும் கவிதையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் சொல் ஒவ்வொன்றாக வந்து உட்காருகிறது. பின்னால் எல்வின் ஜோன்ஸ் டிம்பனியை உருட்டுகிறார். தாளம் எண்ணிப் பார்த்தால் சிக்காது. எனக்கு அது விருத்தம்தான். ஓதுவார் கையில் சாக்ஸபோனைக் கொடுத்தால் அப்படித்தான் வாசிப்பார். ராஜாவின் பதிவில் சொல்லையும் வாத்தியத்தையும் ஒட்ட வேண்டியிருந்தது. இங்கே ஒரே அச்சில் ஊற்றி எடுத்தாயிற்று.

இதையெல்லாம் அக்காவிடம் சொல்லவில்லை. பாட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன், அவ்வளவுதான். இரண்டு கிருஷ்ணருக்குக் கை ஒட்டி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"இத எங்க எடுத்தாங்க?"

"புடாபெஸ்ட்டுல. ஹங்கேரி நாடு."

"அங்கல்லாம் பீங்கான் வேல இருக்குதா?"

"இருக்குக்கா. ஹெரெண்ட்னு ஒரு ஊரு. 1826லேர்ந்து செய்யறாங்களாம்."

"அப்ப சரி" என்றார், அடுத்த கையை எடுத்துக்கொண்டே.