குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருந்தால்?

பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடித்துத் தாய் வீடு திரும்ப இரவு எட்டு மணி தாண்டிவிடும். திருப்பூருக்குப் பிழைக்க வந்த குடும்பங்கள் பலவற்றில் பாட்டி, தாத்தா துணை கிடையாது. லைன் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் உறவினரோ பக்கத்து வீட்டாரோதான். நம்பி ஒப்படைத்தவரே தவறு செய்தால் என்ன வழி?

இது ஓர் ஊரின் பிரச்சினை அல்ல. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் விசாரித்து மத்திய அரசு 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, பாலியல் துன்புறுத்தல் செய்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள போக்சோ சட்டம், உறவினரோ ஒரே வீட்டில் வசிப்பவரோ செய்யும் குற்றத்தைக் கூடுதல் கடுமையோடு பார்க்கிறது. வன்புணர்வுக்கு, 2019 திருத்தத்துக்குப் பின், குறைந்தபட்சத் தண்டனையே 20 ஆண்டு சிறை. தெரிந்தும் புகார் செய்யாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை கிடைக்கலாம். குடும்ப மானம் அதற்குச் சாக்கு ஆகாது. நல்லெண்ணத்தில் தகவல் சொன்னவர் மீது வழக்கு பாயாது.

புகாருக்குப் பின்?

1098 எண்ணிலோ மகளிர் காவல் நிலையத்திலோ சொல்லலாம். குழந்தை விரும்பும் இடத்தில், சீருடை அணியாமல், கூடியவரை பெண் எஸ்.ஐ. வாக்குமூலம் வாங்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் அதே வீட்டில் வசிப்பவர் என்றால், 24 மணி நேரத்துக்குள் குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் அழைத்துச் செல்ல வேண்டும். வீட்டிலேயே விடலாமா, வேறு இடத்தில் தங்கவைப்பதா என்று குழு மூன்று நாளில் முடிவு செய்யும். வழக்கு முழுக்க உடன் வர ஓர் ஆதரவு நபரையும் நியமிக்கலாம்.

எங்கே தடுமாறுகிறது?

விசாரணையை ஓராண்டுக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். அது நீளும்போது, சம்பாதிக்கிறவர் சிறையில் இருக்க, வாடகையும் வட்டிக்கு வாங்கிய கடனும் தாயை நெருக்கும். 'பேசித் தீர்த்துக்கலாம்' என்று சொந்தக்காரர்கள் வருவார்கள். குழந்தை பிறழ் சாட்சியாவது இந்த நெருக்கடியில்தான். இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டதை ஏற்று ரத்தான ஒரு போக்சோ வழக்குக்கு உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் மீண்டும் உயிர் கொடுத்தது. ஆனால் தீர்ப்பு அடுப்பெரிக்காது.

அதற்கும் 2020 போக்சோ விதிகளில் இடம் உண்டு. உணவு, உடை, போக்குவரத்து போன்ற அவசரத் தேவைகளுக்குக் குழு பரிந்துரைத்தால், ஒரு வாரத்தில் பணம் தர வேண்டும். சிறப்பு நீதிமன்றம் இடைக்கால இழப்பீடும் வழங்கலாம். தாய் குழுவின் முன் நிற்கும் முதல் நாளிலேயே இதைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்கத் தெரியாதவருக்கு எடுத்துச் சொல்வது உடன் செல்பவரின் கடமை.