எலுமிச்சை ஏற்றுமதியும் நிலமற்றோரும்: ஊத்துக்கோட்டை எல்லையிலிருந்து சில கேள்விகள்

கண்டலேறு அணையிலிருந்து வரும் கிருஷ்ணா நீர், ஊத்துக்கோட்டை அருகேயுள்ள ஜீரோ பாயிண்ட்டில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து பூண்டி ஏரியைச் சேர்கிறது. 1983ஆம் ஆண்டு தெலுங்கு கங்கை ஒப்பந்தத்தின் பயனாக 1996 முதல் வரும் இந்நீரைச் சென்னை குடிக்கிறது. அணை அமைந்துள்ள ராப்பூரும், அதையொட்டிய கூடூர், வெங்கடகிரி, பொதலகூர் பகுதிகளும் நாட்டின் முதன்மையான எலுமிச்சை வட்டாரங்களுள் ஒன்று. கூடூர்ச் சந்தையில் விலைபோகும் காய்கள் சென்னைக்கும் வடநாட்டு நகரங்களுக்கும் லாரிகளில் செல்கின்றன.

எலுமிச்சைக்கும் ஆரஞ்சுக்கும் ஏற்றுமதி வாய்ப்பு பெருகுகிறது, உழவர் வருமானம் உயரும் என்று அரசு அறிக்கைகளும் வணிக இதழ்களும் எழுதுகின்றன. அந்த வாய்ப்பில் சேரிக்குப் பங்கு உண்டா, இல்லையெனில் எங்கே தடைபடுகிறது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

முதலில் சில அடிப்படைத் தகவல்கள். நாரத்தை, சாத்துக்குடி, ஆரஞ்சு, எலுமிச்சை ஆகிய அனைத்தையும் உள்ளடக்கிய நாரத்தைக் குடும்பப் பழங்களின் விளைச்சலில் சீனா, பிரேசிலுக்கு அடுத்த நிலையில் இந்தியா உள்ளது. எலுமிச்சையை மட்டும் எடுத்துக்கொண்டால் உலகிலேயே முதலிடம். ஆண்டுக்கு 30 லட்சம் டன்னுக்கும் மேல் விளைகிறது. ஆனால் அதில் மிகப் பெரும்பகுதி உள்நாட்டிலேயே நுகரப்படுகிறது. உலகச் சந்தையை ஸ்பெயின், தென்னாப்பிரிக்கா, துருக்கி, மெக்சிகோ போன்ற நாடுகளே ஆள்கின்றன.

இதற்குக் காரணங்கள் உண்டு. நம் எலுமிச்சை தோல் மெல்லியது, நீண்ட கடற்பயணத்தைத் தாங்குவது கடினம். சொறி நோய் எனப்படும் பாக்டீரியா நோய் தாக்கிய பழங்களை ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. பூச்சிமருந்து எச்சத்துக்கும் கடுமையான வரம்பு உண்டு. ஆகவே ஏற்றுமதி செய்ய விரும்புவோருக்குப் பதிவு பெற்ற தோட்டம், தரம் பிரிக்கும் கூடம், குளிர்பதனக் கிடங்கு, சான்றிதழ் ஆகியவை தேவை. இவை அனைத்தும் மூலதனத்தைக் கோருபவை.

அயல்சந்தை எவ்வளவு நிலையற்றது என்பதற்கு நாக்பூர் ஆரஞ்சு சான்று. அதன் பெரிய வாடிக்கையாளர் வங்கதேசம். அந்நாடு 2019இல் கிலோவுக்கு ஏறத்தாழ 20 ரூபாயாக இருந்த இறக்குமதி வரியைப் படிப்படியாக உயர்த்தி, 2023இல் 88 ரூபாயாக்கியது. ஏற்றுமதி சரிந்தது, விதர்பாவில் விலை வீழ்ந்தது. அவ்வாண்டின் இறுதியில் மராட்டிய அரசு, வரியில் பாதியை ஏற்றுமதியாளருக்கு மானியமாகத் தர முன்வந்தது. வணிகருக்கு ஏற்பட்ட இழப்பை ஈடுசெய்யக் கணக்கு இருந்தது. பறிப்பு வேலை குறைந்ததால் கூலியிழந்தோருக்கு அம்மானியத்தில் வழியில்லை.

விலை ஏறும்போது நடப்பதையும் பார்ப்போம். 2022 ஏப்ரலில் பல நகரங்களில் எலுமிச்சை கிலோ 200 ரூபாயைக் கடந்தது. முந்தைய மழைக்காலம் பூப்பைக் கெடுத்திருந்தது. 1901க்குப் பின் மிக வெப்பமான மார்ச் என்று பதிவான அவ்வாண்டு மார்ச் பிஞ்சுகளை உதிர்த்தது. இந்த விலையேற்றத்தில் இலாபம் கண்டவர் யார்? எலுமிச்சை ஆண்டில் பலமுறை பூக்கும். கோடையில் காய் வேண்டுமெனில் செப்டம்பர், அக்டோபரில் பூக்க வைக்க வேண்டும். அதற்கு நீரை உரிய காலத்தில் நிறுத்தி, உரிய காலத்தில் பாய்ச்ச வேண்டும். சொந்தக் கிணறும், காத்திருக்கப் பணமும் உடையவருக்கே அது இயலும். விலையின் பலன் நீரை ஆள்பவரிடம் போய்ச் சேர்கிறது.

இங்கேதான் நிலத்தின் கேள்வி எழுகிறது. எலுமிச்சைக் கன்று காய்க்க நான்கைந்து ஆண்டுகள் ஆகும். முழு விளைச்சலுக்கு மேலும் சில ஆண்டுகள். அதன்பின் பல ஆண்டுகள் பலன் தரும். வாய்மொழிக் குத்தகையில் ஆண்டுக்காண்டு உழுபவர் இத்தகைய மரப்பயிரை எவ்வாறு நடுவார்? காய்க்கும் ஆண்டில் நிலம் தம் கையில் இருக்கும் என்ற உறுதி அவருக்கு இல்லை. நெல்லையோ நிலக்கடலையையோ விதைத்து நான்கு மாதத்தில் கணக்கு முடிப்பதே அவருக்குப் பாதுகாப்பு. தோட்டக்கலை மானியத்துக்குச் செல்பவரிடம் சிட்டா, அடங்கல் கேட்கப்படும். ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் திட்டமும் நில உடைமையாளருக்கே உரியது. ஆக, நிலமற்றவர் சந்தையை எட்டும் முன்பே வாசலில் நிறுத்தப்படுகிறார்.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி நாட்டில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. சாகுபடி நிலப்பரப்பில் அவர்கள் கையில் உள்ளதோ பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 2015–16 வேளாண் கணக்கெடுப்பில் நாட்டின் சராசரிப் பண்ணை அளவு 1.08 ஹெக்டேர், பட்டியல் சாதியினருடையது 0.78 ஹெக்டேர். திருவள்ளூர் மாவட்ட மக்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் பட்டியல் சாதியினர். இவர்களுள் பலர் வயற்கூலிகளாகவும், கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் ஒப்பந்தத் தொழிலாளராகவும் வாழ்கின்றனர்.

இந்நிலை தற்செயலானதன்று. இன்றைய திருவள்ளூர் மாவட்டம் 1997 வரை செங்கல்பட்டு மாவட்டத்தின் பகுதி. அதே செங்கல்பட்டின் ஆட்சியர் திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலமற்ற நிலையைப் பற்றி 1891இல் அளித்த அறிக்கையே, 1892இல் பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கு வழிவகுத்தது. சென்னை மாகாணத்தில் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டதாகக் கணக்கிடப்படுகிறது. முதல் பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, பின்னரும் ஒடுக்கப்பட்டோருக்கன்றிப் பிறருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. அந்நிலங்களின் பெரும்பகுதி இன்று பிறர் கையில். அவற்றை மீட்கக் கோரி 1994இல் காரணையில் நடந்த போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர்.

தென்னாப்பிரிக்காவின் அனுபவம் நமக்கு நெருக்கமானது. 1913ஆம் ஆண்டு நிலச்சட்டம் கறுப்பின மக்களின் நிலவுரிமையைப் பறித்தது. இன்று அந்நாடு ஆரஞ்சும் எலுமிச்சையும் ஏற்றுமதி செய்வதில் உலகின் முன்னணியில் உள்ளது. ஆயினும் மேற்குக் கேப் மாகாணப் பண்ணைத் தொழிலாளர் 2012இன் இறுதியில் வேலைநிறுத்தம் செய்த பின்னரே, 69 ராண்டாக இருந்த குறைந்தபட்ச நாட்கூலி 2013இல் 105 ராண்டாக உயர்ந்தது. ஏற்றுமதி வளர்ச்சி தானாகக் கூலியை உயர்த்தவில்லை. அமைப்பாய்த் திரண்டதே உயர்த்தியது.

எனவே நாம் எலுமிச்சைக்கோ ஏற்றுமதிக்கோ எதிரானவர்கள் அல்லர். 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்தில் அண்ணல் அம்பேத்கர், வேளாண் நிலத்தை அரசுடைமையாக்கி, சாதி வேறுபாடின்றிக் கூட்டுப்பண்ணைகளுக்கு அளிக்க வேண்டும் என்றார். அந்த நோக்கிலிருந்து இன்றைக்குச் சில கோரிக்கைகள் பிறக்கின்றன. 1969ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டத்தின்கீழ் வாய்மொழிக் குத்தகைகள் பதிவு செய்யப்பட வேண்டும். தாட்கோவின் நன்னிலம் மகளிர் நிலவுடைமைத் திட்டத்தில் வாங்கப்படும் நிலத்துக்குக் கிணறும், மரப்பயிர் காய்க்கும்வரை வாழ்வூதியமும் சேர வேண்டும். ஏற்றுமதி மானியம் பெறும் நிறுவனங்கள் பறிப்போருக்கும் தரம் பிரிப்போருக்கும் குறைந்தபட்சக் கூலி தந்ததற்குச் சான்று காட்ட வேண்டும்.

மாணவத் தோழர்கள் தம் ஊரிலிருந்தே தொடங்கலாம். வட்டாட்சியர் அலுவலகத்தின் பழைய நிலப் பதிவேடுகளில் டி.சி. என்று குறிக்கப்பட்ட சர்வே எண்கள் எவை, அவற்றின் இன்றைய பட்டா யார் பெயரில் என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். கிருஷ்ணா நீர் நம் எல்லையைக் கடந்து ஓடுகிறது, எலுமிச்சை லாரிகளும் கடந்து செல்கின்றன. இவற்றை வேடிக்கை பார்ப்பவராகவே நம் மக்கள் இருக்க வேண்டுமா என்ற கேள்விக்கான விடையை அந்தப் பதிவேட்டிலிருந்து தேடத் தொடங்குவோம்.