அருங்காட்சியகத்துக்கு எந்த சாஃப்ட்வேர் சரி? வாங்கும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

நெய்வேலி சுரங்கத்தில் கிடைத்த பழுப்பு நிலக்கரித் துண்டு ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் காட்சிக்கு வைப்பதாக வைத்துக்கொள்வோம். வெட்டி எடுக்கும்போது அதன் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர்தான். வெளியே வந்ததும் ஈரம் வற்றும். துண்டு சுருங்கி, விரிசல் விட்டு, கடைசியில் உதிரும். அதில் பைரைட் என்ற கனிமம் கலந்திருந்தால் இன்னொரு தொல்லை. காற்றில் ஈரம் கூடினால் கந்தக அமிலம் உருவாகி, அடியில் வைத்த லேபிளையே அரித்துவிடும். காய்ந்தாலும் சிக்கல், நனைந்தாலும் சிக்கல்.

இந்தத் துண்டுக்கு முன்பு என்ன பூசினார்கள், எப்போது பூசினார்கள், அன்று விரிசல் எவ்வளவு இருந்தது? இதெல்லாம் தெரிந்தால்தான் அடுத்து வருபவர் சரியாகக் கை வைக்க முடியும். இந்தக் குறிப்புகளைச் சேர்த்து வைக்கத்தான் சேகரிப்பு மேலாண்மை மென்பொருள்.

அதான் ரிஜிஸ்டர் இருக்கே?

வரவுப் பதிவேடு ஒரு பொருளின் பிறப்புச் சான்றிதழ் மாதிரி. என்ன பொருள், எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது என்று சொல்லும். சிகிச்சைக் குறிப்பு மருத்துவமனை ஃபைல் மாதிரி. அது வளர்ந்துகொண்டே போகும்.

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851-ல் தொடங்கியது. அங்கே வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் வந்தது 1930-ல். அதன் முதல் வேதியியலர் எஸ்.பரமசிவன், அரிப்பு ஏறிய வெண்கலச் சிலைகளை மின்பகுப்பு முறையில் சுத்தம் செய்தவர். வெண்கலத்தில் குளோரைடு உப்பு தங்கிவிட்டால், ஈரம் கூடும்போது வெளிர்பச்சைத் தூளாக நோய் திரும்பவும் தலைகாட்டும். அப்போது பழைய குறிப்பு இல்லையென்றால், மேலே பூசியிருப்பது எந்த அரக்கு, அது எந்தக் கரைப்பானில் கரையும் என்று ஊகிக்க வேண்டியதுதான். ஊகம் தப்பினால் அடிபடுவது சிலை.

எக்செல்லில் ஒரு பொருளுக்கு ஒரு வரி என்று போட்டால், புதிய சிகிச்சையை எழுதும்போது பழையது அழிந்துபோகும் ஆபத்து உண்டு.

என்னென்ன இருக்கு?

மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் புனேயில் உருவாக்கிய 'ஜதன்', டெல்லி தேசிய அருங்காட்சியகம், கொல்கத்தா இந்திய அருங்காட்சியகம், ஹைதராபாத் சாலார் ஜங் உள்ளிட்ட அருங்காட்சியகங்களுக்காகக் கொண்டுவரப்பட்டது. 'கலெக்டிவ் ஆக்சஸ்' கட்டணமில்லாத திறமூல மென்பொருள். ஆனால் நிறுவிப் பராமரிக்க ஆள் வேண்டும். 'டிஎம்எஸ்' பெரிய வெளிநாட்டு அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் கட்டண மென்பொருள். எதை எப்படிப் பதிய வேண்டும் என்பதற்கு, பிரிட்டனின் 'ஸ்பெக்ட்ரம்' நெறிமுறை நல்ல வழிகாட்டி.

கேட்க வேண்டிய கேள்விகள்

1. ஒரே பொருளுக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் நிலை அறிக்கை சேர்க்க முடியுமா? ஒவ்வொன்றிலும் தேதி, செய்தவர் பெயர், பயன்படுத்திய ரசாயனம், அதன் அளவு தனித்தனியாக நிற்க வேண்டும்.

2. படங்கள் தேதியோடு பதிவில் ஒட்டி நிற்குமா? ஸ்ரீபுரந்தான் நடராஜர் சிலையை ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் 2008-ல் வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1994-ல் எடுத்து வைத்திருந்த படம், அது நம்மூர் சிலைதான் என்பதை நிறுவ உதவியது. 2014-ல் சிலை இந்தியா திரும்பியது.

3. தமிழில் எழுதவும் தேடவும் முடியுமா? பழைய பதிவேடுகளில் ஊர்ப் பெயர்கள் பலவிதமாக எழுதப்பட்டிருக்கும். எதைத் தட்டினாலும் பொருள் கிடைக்க வேண்டும்.

4. எல்லாத் தகவலையும் படங்களோடு மொத்தமாக வெளியே எடுக்க முடியுமா? இதுதான் மிக முக்கியம். இன்று வாங்கும் மென்பொருள் பத்து, பதினைந்து ஆண்டுகளில் பழசாகிவிடலாம். சிலைக்கு ஆயிரம் வயது. நிறுவனம் மூடினாலும் குறிப்பு நம் கையில் இருக்க வேண்டும்.

5. பேக்-அப் எங்கே? டிஎம்எஸ் நிறுவனமான கேலரி சிஸ்டம்ஸ் 2023 டிசம்பரில் இணையத் தாக்குதலுக்கு ஆளானது. அதன் சேவையை நம்பியிருந்த சில அமெரிக்க அருங்காட்சியகங்களால் தங்கள் பதிவுகளையே சில நாட்கள் பார்க்க முடியவில்லை. தனிப் பிரதி ஒன்று உள்ளூரிலேயே அவசியம்.

சின்ன சோதனை போதும்

விற்பனையாளர் காட்டும் டெமோவில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். அதற்குப் பதிலாக, நம்மிடம் உள்ள சிக்கலான பத்துப் பொருட்களை எடுங்கள்: மூன்று முறை சிகிச்சை பெற்ற சிலை, இரண்டாக உடைந்த கல்மரத் துண்டு, கண்காட்சிக்கு வெளியூர் போய் வந்த ஓவியம். விவரங்களைப் பதிந்து, வெளியே எடுத்து, வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். அந்தப் பொருளை அதுவரை பார்த்தே இராத ஒரு வேதியியலர், அதைப் படித்து முழு வரலாற்றையும் சொல்ல முடிந்தால், தாராளமாக வாங்கலாம். முடியாவிட்டால், விலை எவ்வளவு குறைவென்றாலும் வேண்டாம்.