பவர் டில்லர் ஏன் முரண்டு பிடிக்கிறது?

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. இரண்டு நாள் மழை பெய்து ஓய்ந்திருக்கிறது. மர வரிசைகளுக்கு நடுவே களை தழைத்துவிட்டது. மண் உழுகிற பதத்தில் இருப்பது சில நாட்கள்தான். வெயில் ஏறினால் இறுகிவிடும். இந்த நேரம் பார்த்துக் கொட்டகையில் நிற்கும் பவர் டில்லர் கிளம்ப மறுக்கிறது. மெக்கானிக் நாளைதான் வருவார். என்ன செய்வது?

மாணவர்களே! நோய்க்கு மருந்து தருமுன் மருத்துவர் கேள்விகள் கேட்கிறார் அல்லவா? இயந்திரத்தையும் அப்படித்தான் கேட்க வேண்டும்.

இரண்டு சக்கரம், பின்னால் சுழலும் கத்திகள், ஓட்டுபவர் உட்கார ஒரு சிறு இருக்கை. இதுதான் பவர் டில்லர். ஜப்பானிய நெல்வயல்களில் பெயர் பெற்ற இயந்திரம் இது. நம் அண்டை மாநிலமான கேரளத்தில் 1973-இல் தொடங்கப்பட்ட காம்கோ நிறுவனம் அத்தாணியில் இதைத் தயாரித்து வருகிறது. இதன் உயிர், ஒற்றை உருளை கொண்ட டீசல் எஞ்சின்.

பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளைப் பற்ற வைப்பது மின்பொறி. டீசல் எஞ்சினில் பொறியே கிடையாது. 1897-இல் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய எஞ்சினின் புதுமை இதுதான். பிஸ்டன் காற்றைச் சுமார் பதினெட்டில் ஒரு பங்காக நெருக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சுடுவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே காற்று 500 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறுகிறது. அதில் பீய்ச்சப்படும் டீசல் தானே தீப்பிடிக்கிறது. எனவே கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றே.

முதல் கேள்வி: டீசல் போய்ச் சேருகிறதா? தொட்டி ஒருமுறை வற்றினாலே குழாயில் காற்று புகுந்துவிடும். மறுபடி நிரப்பினாலும் எஞ்சின் கிளம்பாது. ஏன் தெரியுமா? ஊசி இல்லாத சிரிஞ்சு ஒன்றில் நீரை நிரப்பி, வாயை விரலால் அடைத்து அழுத்திப் பாருங்கள், அசையாது. காற்றை நிரப்பி அழுத்துங்கள், உள்ளே போகும். அதேபோல் பம்பின் அழுத்தமெல்லாம் காற்றுக்குமிழியை நெருக்குவதிலேயே வீணாகிறது, டீசல் பீய்ச்சப்படுவதில்லை. வடிகட்டியில் உள்ள காற்று நீக்கும் திருகைச் சற்றுத் தளர்த்தி, குமிழியில்லாத டீசல் வரும்வரை ஒழுகவிட்டு, இறுக்கினால் பெரும்பாலும் கோளாறு தீரும்.

இரண்டாவது: காற்று கிடைக்கிறதா? உழும்போது எழும் புழுதி காற்று வடிகட்டியை அடைக்கிறது. அப்போது டீசல் முழுதும் எரியாமல் கரும்புகை வரும். வடிகட்டியைத் துப்புரவு செய்ய வேண்டும். நீலப்புகை வந்தால் மசகு எண்ணெய் எரிகிறது என்று பொருள். அது மெக்கானிக்கின் வேலை.

மூன்றாவது: காற்று நெருங்குகிறதா? எஞ்சினை நிறுத்தும் நிலையில் வைத்து, கைப்பிடியை மெல்லச் சுற்றினால் ஓரிடத்தில் கடினமாகத் தடுக்க வேண்டும். தடையே இல்லையென்றால் வால்வோ பிஸ்டன் வளையமோ கசிகிறது. இதற்கும் மெக்கானிக் வேண்டும்.

எஞ்சின் ஓடுகிறது, வண்டி இழுக்கவில்லையா? பெல்ட்டைப் பாருங்கள். தளர்ந்தாலும், எண்ணெய் பட்டாலும் அது வழுக்கும்.

நித்தம் செய்ய வேண்டியவை கொஞ்சமே. சமதளத்தில் நிறுத்தி எண்ணெய் அளவைப் பார்ப்பது, ரேடியேட்டர் நீரைப் பார்ப்பது, வேலை முடிந்ததும் தொட்டியை நிரப்பி வைப்பது. தொட்டி நிறைந்திருந்தால் இரவின் ஈரக்காற்று உள்ளே நீராகப் படிய இடமிராது.

எச்சரிக்கை! கத்தியில் சுற்றிய கொடியை எஞ்சினை நிறுத்திய பிறகே எடுக்க வேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட்டினால் நச்சுப்புகை சேரும். பெரியவர்கள் உடனில்லாமல் எதையும் தொடாதீர்கள்.

நம் தோப்புக்காரர் நேற்று மாலை தொட்டியை வற்றவிட்டிருந்தார். திருகைத் தளர்த்தினார், குமிழிகள் வந்தன. சற்று நேரத்தில் எஞ்சின் கிளம்பியது. பதம் போகவில்லை.