இடிபாட்டு வண்டியில் ஏறக்கூடாதவை

பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதுவீடு எழுப்புவது நம் ஊர்களில் அன்றாடக் காட்சியாகிவிட்டது. பாகப்பிரிவினை முடிந்தாலும், வெளிநாட்டுச் சம்பாத்தியம் கைக்கு வந்தாலும், மகளின் நிக்காஹ் நிச்சயமானாலும் முதலில் கடப்பாரை விழுவது பாட்டனார் கட்டிய வீட்டின்மீதுதான். வாடகைக்கு அமர்த்திய டிராக்டரோ டிப்பர் லாரியோ வாசலில் வந்து நிற்கும். மாலைக்குள் இடம் வெறுமையாக வேண்டும் என்ற அவசரத்தில் கையில் அகப்பட்டதெல்லாம் அதில் ஏறிவிடுகிறது. எது ஏறலாம், எது ஏறக்கூடாது என்று மேஸ்திரியும் கேட்பதில்லை, வீட்டாரும் சொல்வதில்லை.

ஏறத்தக்கவை எவை என்பதில் சிக்கல் இல்லை. உடைந்த செங்கல், காரை, ஓட்டுத் துண்டு, கான்கிரீட், மண் ஆகியவை ஏறலாம். முழுச் செங்கல்லும் தேக்கு நிலையும் உத்திரமும் விலை போகும். இரும்பைக் காயலான் கடைக்காரர் தேடிவந்து எடுத்துக்கொள்வார். (அப்பெயரே காயல்பட்டினத்து வணிகரால் வந்தது என்று சொல்வாருண்டு.) எஞ்சிய உடைசலில் ஒரு பகுதி புதுவீட்டின் அடித்தளத்தை நிரப்பவே பயன்படும். ஆனால் எடையைக் கவனிக்க வேண்டும். நாம் ஒரு யூனிட் என்று சொல்லும் 100 கன அடிச் செங்கல் உடைசல் ஏறக்குறைய 4 டன் கனக்கும். பக்கப் பலகைக்கு மேல் குவித்துத் தார்ப்பாய் மூடாமல் அனுப்பினால் வழிநெடுகக் கல் உதிரும். பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதையும் ஈமானின் கிளைகளுள் ஒன்றாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணிக் காட்டியிருக்க, நாம் காசு கொடுத்து இடையூற்றைப் பாதையில் தூவிச் செல்வது என்ன நியாயம்?

கொல்லைப்புறச் சமையலறைக்கும் குளியலறைக்கும் கூரையாக இருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் தகடு ஏறக்கூடாதவற்றுள் கொடியது. தகடு முழுதாக இருக்கும்வரை ஆபத்து குறைவு. சம்மட்டியால் உடைக்கும்போது, மயிரிழையினும் மெல்லிய நார்கள் தூசியாய்க் கிளம்பி நுரையீரலில் தைத்துத் தங்கிவிடுகின்றன. அது புற்றுநோயாக வெளிப்பட 20, 30 ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆகலாம். ஆஸ்பெஸ்டாஸின் எல்லா வகைகளும் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அறிவித்திருக்கிறது. நம் வீட்டுக் கூரையை வெறும் முகத்தோடு உடைத்த கூலியாளுக்கு, எந்த வீட்டிலிருந்து அந்நோய் வந்தது என்பது கடைசிவரை தெரியப்போவதில்லை. தகட்டைத் தண்ணீரால் நனைத்து, ஆணியைக் கழற்றி, உடையாமல் இறக்கி, தடித்த பாலித்தீன் தாளில் சுற்றித் தனியே வைக்க வேண்டும். எங்கே ஒப்படைப்பது என்பதை நகராட்சிச் சுகாதாரப் பிரிவில் கேட்டறியலாம்.

குழல் விளக்குகளில் பாதரசம் உண்டு. இன்வெர்ட்டர் பேட்டரியில் ஈயமும் கந்தக அமிலமும் உள்ளன. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைப் பெற்றுக்கொள்வார்கள். வீட்டுப் பூச்சு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்ற விதி 2017ஆம் ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே பழைய கதவுகளின் பெயின்டைச் சுரண்டும்போது குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அருகில் இருக்கக் கூடாது. மிச்சப் பெயின்ட், பூச்சிமருந்து, காலங்கடந்த மாத்திரை, ஊசி, எரிவாயு உருளை ஆகிய எதுவும் கல்லோடு சேரலாகாது.

வண்டி வாடகையை மிச்சப்படுத்த எண்ணி, வீட்டுப் பழங்கிணற்றிலேயே அனைத்தையும் தள்ளி மூடுவோர் இருக்கின்றனர். பேட்டரியும் பூச்சிமருந்தும் கிணற்றில் விழுந்தால் அவற்றின் நஞ்சு நம் மனையோடு நின்றுவிடாது. நிலத்தடி ஊற்று வழியே அண்டை வீட்டாரின் குடத்தில் ஏறும். ஊரார் குடிக்கட்டும் என்று ஸதகத்துல் ஜாரியாவாகக் கிணறு வெட்டி வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

வண்டி எங்கே போய்க் கொட்டுகிறது? பெரும்பாலும் ஓடைக் கரை, கண்மாய் உள்வாய், புறவழிச்சாலையின் பள்ளம். தண்ணீர் வந்து தங்கும் இடங்கள் இவை. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022ஆம் ஆண்டில் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அத்தனை பெருமையுடைய அந்நிலத்தின் ஒரு பகுதியில்தான் பெருங்குடிக் குப்பைமேடு எழுந்தது. கட்டட இடிபாடுகளுக்கென 2016ஆம் ஆண்டில் மத்திய அரசு தனி விதிகளை வெளியிட்டது. 2025இல் அவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிகள் அறிவிக்கப்பட்டன. நீர்த்துறையிலும் நடைபாதையிலும் மக்கள் ஒதுங்கும் நிழலிலும் மலஜலம் கழிப்பது சாபத்திற்குரியது என்று எச்சரித்த மார்க்கம் நம்முடையது. அந்த எச்சரிக்கையின் காரணத்தை ஆராய்ந்தால் நீர்நிலையில் லாரி லாரியாக இடிபாட்டைக் கொட்டுவதும் அதில் அடங்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி, பரணுக்கு வருவோம். சென்ற ஆண்டு எங்கள் மதரஸா மாணவன் ஒருவன், தெருமுனையில் குவிந்திருந்த இடிபாட்டிலிருந்து நான்கைந்து பழுப்புத் தாள்களைப் பொறுக்கி வந்தான். அரபெழுத்தைக் கண்டு, குர்ஆன் ஷரீஃபின் ஏடுகளோ என்று பதறியிருக்கிறான். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்னேன். அவன் வாயிலிருந்து தமிழ் வந்தது! ஒளுவின் ஃபர்ளுகளைப் பெண்களுக்கு விளக்கும் அரபுத் தமிழ்க் கிதாபு அது. மீதி ஏடுகளைத் தேடிச் சென்றபோது வண்டி இரண்டாம் நடையையும் முடித்திருந்தது.

தமிழெழுத்து அறியாத நம் பாட்டிமார் பலர் மார்க்கச் சட்டம் கற்றது இவ்வேடுகளால்தான். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அவர்கள் போன்ற பெருமக்கள் எழுதிக் குவித்ததும் இந்த எழுத்தில்தான். அரபு நெடுங்கணக்கில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகச் சில எழுத்துகளில் புள்ளி கூட்டி அமைத்துக்கொண்டனர். இன்று அதைப் படிக்கத் தெரிந்தோர் அருகிவிட்டனர். படிக்கத் தெரியாதவர்களுள் பக்தி குறைந்தவர் லாரியில் எறிகிறார். பக்தி மிகுந்தவரோ முஸ்ஹபு என்று கருதிக் கடலில் விடுகிறார், அல்லது புதைக்கிறார். இரண்டு வழியிலும் நூல் அழிந்துபோகிறது. ஆகவே பரணில் அரபெழுத்துத் தாள் எது கிடைத்தாலும், முதலில் ஊர் ஆலிமிடமோ மதரஸாவிலோ காட்டுங்கள்.

அது சிதைந்துபோன முஸ்ஹபுதான் என்று உறுதியானால், தூய துணியில் பொதிந்து காலடி படாத இடத்தில் அடக்கம் செய்யுமாறு ஹனஃபி ஃபிக்ஹு நூல்கள் கூறும். உஸ்மான் (ரலி) அவர்கள் குர்ஆன் பிரதிகளை ஒருமுகப்படுத்தியபோது ஏனையவற்றை எரிக்கச் செய்ததை ஆதாரமாகக் கொண்டு, அவமதிப்பு நேராமலிருக்க எரிப்பதை அனுமதித்த அறிஞர்களும் உண்டு.

தகரப் பெட்டியில் பத்திரங்கள் இருந்தால் அவற்றையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். பாட்டனார் பள்ளிவாசலுக்கோ தைக்காவுக்கோ எழுதிவைத்த வக்ஃபு பத்திரத்தின் ஒரே பிரதி அங்கே இருக்கலாம். 2025ஆம் ஆண்டின் வக்ஃபு திருத்தச் சட்டத்திற்குப் பின் எழுத்துச் சான்றின் தேவை மேலும் கூடியிருக்கிறது. விலைக்கு வாங்கிய வீட்டின் சுவரில் நகையோ நாணயமோ அகப்பட்டால் அது நமக்கு வந்த பரிசு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முந்தைய உரிமையாளரின் வாரிசுகளை விசாரித்து, மார்க்கத் தீர்ப்பையும் கேட்ட பின்பே அதைத் தொட வேண்டும்.

இவையெல்லாம் ஒரு நாளில் முடியும் வேலைகளல்ல. இடிப்பதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டுப் பெரியவர் ஒருவரும் தாய்மார்களும் பரண், அலமாரி, கொல்லைக் கொட்டகை ஆகியவற்றைக் காலி செய்துவிட வேண்டும். வண்டிக்காரரிடம் நடைக்கு எவ்வளவு என்று பேசும்போதே எங்கே கொட்டுவீர்கள் என்றும் கேட்டு, நகராட்சி ஒதுக்கிய இடமா என்று உறுதி செய்துகொள்வது நல்லது. முதல் நடையில் வீட்டுப் பிள்ளை ஒருவனும் உடன் ஏறிப் போய்ப் பார்த்து வரட்டும்.